ஒரு பிள்ளைக்கு நான்கு சதவீதம்

2023 மே 19 அன்று பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. மாநிலத் தேர்ச்சி 91.39 சதவீதம். எங்கள் அரசுப் பள்ளியில் எழுதியவர்கள் 25 பேர், தேறியவர்கள் 22. தவறிய மூவரும் கணக்கில்தான். கணக்கு டீச்சர் நான்.

ஆய்வுக் கூட்டத்தில் மாநிலச் சராசரிக்குக் கீழே போன பள்ளிகளின் பாட ஆசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். "காரணம்?" என்றார்கள். காரணம் இருந்தது. ஏழாம் வகுப்பில் இருந்தபோது, 2020 மார்ச்சில், வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். 2021 செப்டம்பரில் திரும்பி வந்தபோது ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தார்கள். எட்டாம் வகுப்பை வகுப்பறையில் பார்க்கவே இல்லை. பின்னங்களைக் கூட்டத் தடுமாறியவர்களுக்குத்தான் இருபடிச் சமன்பாடு நடத்தினேன். ஆனால் வாயில் வந்தது, "அடுத்த வருஷம் சரி பண்ணிடறோம் சார்."

நின்ற அவமானம் சில நாளில் ஆறிவிட்டது. ஆறாதது வேறு.

25 பேர் என்றால் ஒரு பிள்ளைக்கு நான்கு சதவீதம். அந்த வருடம் முழுக்க அவர்கள் முகத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். ஒரு மதிப்பெண் வினா 14, வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 30. இன்னும் ஐந்து எடுத்தால் பாஸ். 'ஏன் டீச்சர் இப்படி வருது?' என்று கேட்ட பிள்ளையிடம், 'அதெல்லாம் அப்புறம், இதை மனப்பாடம் பண்ணு' என்றேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு யார் யார் தேறுவார்கள் என்று விரல்விட்டு எண்ணுவேன்.

தை பிறந்ததும் ஒரு பையன் முகூர்த்த நாட்களில் பந்தல் வேலைக்குப் போக ஆரம்பித்தான். திரும்பி வந்த அன்று எல்லார் முன்னாலும் திட்டினேன். "உன் ஒருத்தனால பள்ளிக்கூடத்துப் பேரே கெடப்போகுது."

சாயங்காலம் தனியாக வந்து நின்றான். "டீச்சர், பரீட்சைக்கு வராதவங்களச் சதவீதத்துல சேர்க்க மாட்டாங்களாமே. நான் வராம இருந்துரட்டுமா?"

கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டான். தேர்ச்சி விகிதத்தைத் தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் போடுகிறார்கள். அவன் சொன்னது சரி. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என் மனம் 24 என்று கணக்குப் போட்டது. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. "எழுதணும்டா, கட்டாயம் வா" என்றேன். குரல் தழுதழுத்தது.

அவன் எழுதினான், 31 மதிப்பெண். வராமல் இருந்திருந்தால் 24-க்கு 22, அதாவது 91.67. நான் எழுந்து நின்றிருக்க மாட்டேன்.

எங்களைக் கேள்வி கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். அரசுச் சம்பளம் வாங்குகிறோம், ஏழை வீட்டுப் பிள்ளைகளின் வருடங்கள் எங்கள் கையில் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்க 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்திய அதே துறையில், பள்ளிகளைச் சதவீதத்தால் வரிசைப்படுத்துவது நிற்கவில்லை. அந்த அழுத்தம் எங்கள் வழியாகப் பிள்ளைகளிடமே போய்ச் சேருகிறது. நானே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்.

துணைத்தேர்வுக்கு அவனே வந்து பணம் கட்டினான். ஜூன் மாதம் காலையில் எனக்கு முன்னால் வந்து வகுப்பு வாசலில் உட்கார்ந்திருப்பான். முதல் நாள் வரைபடத்தாளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பின்னத்திலிருந்து தொடங்கினோம்.