டேபிள் எங்கேன்னு கேட்டலாக்கைக் கேளுங்க

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையை ஸ்பார்க்ல, அதாவது பெரிய டேட்டாவைப் பல மெஷின்ல பிரிச்சு அலசுற மென்பொருள்ல, ஒரு டேபிளா வெச்சிருக்கோம். மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கின்னு ரகவாரியா கிலோ விலை. தேதிக்கு ஒரு ஃபோல்டர், அதைத்தான் பார்டிஷன்னு சொல்றது. உள்ளே பார்க்கேங்கிற ஃபார்மட்ல டேட்டா ஃபைல். டீமுக்குப் புதுசா வந்த தங்கச்சி ஒருத்தி, "அண்ணே, நேத்து விலையைக் கேட்டா ஒரு வரிகூட வரமாட்டேங்குது. ஃபைலைத் திறந்து பார்த்துட்டேன், எல்லாம் இருக்கு"ன்னா.

"ஃபைலை விடும்மா. ஷோ பார்டிஷன்ஸ் போட்டுப் பாரு."

நேத்து தேதி அதுல இல்லை.

நிலம் கண்ணு முன்னாடி கிடந்தாலும் பட்டாவுல ஏறலைன்னா தாலுகா ஆபீஸ்ல செல்லாது, இல்லையா? ஸ்பார்க்கும் அப்படித்தான். அதோட பட்டா, கேட்டலாக்குங்கிற பதிவேடு. ஷோ பார்டிஷன்ஸ் காட்டுறது அதைத்தான். கேட்டலாக்டேபிள்னு அது வெச்சிருக்கிற பதிவுல டேபிள் பேர், வகை, ஃபைல் இருக்கிற இடம், ஃபார்மட், ஸ்கீமா (என்னென்ன ஃபீல்டு, ஒவ்வொண்ணும் என்ன வகை), எந்த ஃபீல்டை வெச்சுப் பார்டிஷன், ஓனர், புள்ளிவிவரம் எல்லாம் இருக்கும். வியூவா, அதாவது பேர் வெச்சுச் சேமிச்ச கேள்வியா இருந்தா அதோட எஸ்க்யூஎல்லும் அங்கேதான். பார்டிஷன்களைக் கேட்டலாக்குல வெச்சிருக்கோமா இல்லையான்னு சொல்ல தனியா ஒரு ஆமா-இல்லை குறியே உண்டு. 2.1 பதிப்புல இருந்து இந்த வழி வந்துச்சு. ஒருநாள் விலையைக் கேட்டா எல்லா ஃபோல்டரையும் துழாவ வேண்டியதில்லை. அந்த லாபத்துக்காகத்தான் இது. ஆனா எங்க ஃபோல்டரைப் போடுறது ஸ்பார்க் இல்லை, வேற ஸ்கிரிப்ட். அதனால ஆல்டர் டேபிள் ஆட் பார்டிஷன் போட்டு நாமதான் பதியணும். இல்லைன்னா எம்எஸ்சிகே ரிப்பேர்ங்கிற கமாண்டும் போடலாம். அது மொத்த ஃபோல்டரையும் அலசும், வருஷக்கணக்குல டேட்டா இருந்தா இழுக்கும்.

வகை விஷயத்துல நான் ரொம்பப் பிடிவாதம். மேனேஜ்டு டேபிளை டிராப் பண்ணா ஃபைலும் போயிரும். எக்ஸ்டர்னல்னா பதிவு மட்டும்தான் போகும். வேற ஸ்கிரிப்டும் எழுதுற ஃபோல்டர் எங்களுக்கு எப்பவும் எக்ஸ்டர்னல்தான். லொக்கேஷன் குடுத்து உருவாக்கினா ஸ்பார்க்கே அப்படி ஆக்கிரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஸ்கீமா. இந்தப் பதிவெல்லாம் போய் உட்கார்ற இடம் ஹைவ்ங்கிற இன்னொரு மென்பொருளோட மெட்டாஸ்டோர். அது ஃபீல்டு பேரையெல்லாம் சின்ன எழுத்தாக்கிரும். நடுவுல பெரிய எழுத்து வெச்ச பேரோட அந்த வடிவம் காணாமப் போயிரும். அதுக்காக ஸ்பார்க் முழு ஸ்கீமாவையும் ஜேசன்ங்கிற டெக்ஸ்ட் வடிவமாக்கி டேபிள் ப்ராபர்ட்டியில ஒளிச்சு வெக்குது. ஒரு ப்ராபர்ட்டியில 4000 எழுத்துக்கு மேல வெச்சா மெட்டாஸ்டோர் தாங்காதுன்னு நீளமான ஸ்கீமாவைத் துண்டு போட்டு, நம்பர் குடுத்து வெச்சு, படிக்கிறப்ப ஒட்டிக்குது. அழகான வேலை! ஆனா ஹைவ் பாணியில உருவாக்கின டேபிளோட ஸ்கீமாவை யாராவது ஹைவ் வழியா மாத்திட்டா, ரெண்டும் ஒத்துப்போகாம ஸ்பார்க் ஹைவ் சொல்றதையே எடுத்துக்கும். பழைய எழுத்து வடிவம் போச்சு. நாங்க எல்லாப் பேரையும் சின்ன எழுத்துலயே வெக்கிறது அதனாலதான்.

புள்ளிவிவரத்தையும் மறந்துராதீங்க. வெளியில இருந்து ஃபைல் போட்டா அது தானா மாறாது. ரெண்டு டேபிளைச் சேர்க்கிற ஜாயின்ல, சின்ன டேபிளை வேலை செய்யுற எல்லா எக்ஸிக்யூட்டருக்கும் அனுப்பலாமான்னு ஸ்பார்க் அந்தப் புள்ளிவிவரத்துல இருக்கிற டேபிள் அளவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். வழக்கமான வரம்பு 10 எம்பி. ஃபைல் ஏத்தி முடிச்சதும் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்க அனலைஸ் டேபிள் ஒரு தடவை ஓட்டிருங்க.