குளியலறைக் கதவு எங்கே வர வேண்டும்: வீட்டு வேலை நாட்குறிப்பு

பிப்ரவரி 3

படுக்கையறை 12க்கு 10 அடி. அதன் 12 அடிச் சுவரை ஒட்டி, 9 அடி நீளம் 4½ அடி அகலத்தில் குளியலறை. அளவாகச் சொன்னால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் குளியலறைக் கதவு அந்தச் சுவரின் நட்டநடுவில் இருக்கிறது, கதவுக்கு நேரெதிரே கமோடு, கட்டிலில் படுத்தபடியே தரிசனம் செய்யலாம். கதவு நடுவில் இருப்பதால் அந்தச் சுவரில் கட்டில் போட முடியாது, எதிர்ச் சுவரில் அலமாரி, ஆகவே கட்டில் ஜன்னலோரம் ஒடுங்கிக் கிடக்கிறது, உள்பக்கம் படுப்பவர் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். குளியலறை உள்ளே வலது கோடியில் ஷவர், இடது கோடியில் ஜன்னலுக்குக் கீழே வாஷ்பேசின். யாராவது குளித்துவிட்டு வந்தால் கதவடியெல்லாம் ஈரம்.

பிப்ரவரி 5

கேட்டவர்கள் எல்லாரும் "கமோடை ஓரமா தள்ளிடுங்க" என்கிறார்கள். பிளம்பர் மட்டும் சொல்லவில்லை. கழிவு கீழே இறங்கும் குழாய் கமோடுக்குப் பின்னாலேயே இருக்கிறது. கமோடை 4 அடி தள்ளினால் 4 அங்குலக் குழாய் தரைக்குள் படுத்து ஓட வேண்டும், அடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் (சரிவு) வேண்டும், அதாவது 1 அங்குலம். அதன்மேல் கான்கிரீட், டைல்ஸ். பழைய தளத்தை உடைக்க வழியில்லை என்பதால் குளியலறைத் தரை அரை அடிக்கு மேல் உயர்ந்துவிடும். வாட்டத்தைக் குறைத்தால் அடைப்பு. தூக்கக் கலக்கத்தில், மூட்டுவலியோடு, அம்மா அந்தப் படியில் ஏற வேண்டுமா? கமோடு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 9

கமோடு நகராது என்றால் கதவு நகர வேண்டும். படுக்கையறைத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பார்த்தோம். குளியலறைக் கதவைச் சுவரின் வலது கோடிக்கு, படுக்கையறை வாசல் பக்கமாகக் கொண்டுபோனால் மிச்சம் 9 அடிச் சுவர் முழுசாகக் கிடைக்கிறது. 5 அடிக் கட்டில் போட்டாலும் இரண்டு பக்கமும் 2 அடி. உள்ளே ஷவரும் வாஷ்பேசினும் இடம் மாற்றிக்கொள்ளும்: கதவடியில் பேசின், நடுவில் கமோடு, கடைசியில் ஷவர். ஈரம் ஒரு கோடியோடு நின்றுவிடும். ஷவர் தண்ணீர் வடிய 2 அங்குலக் குழாய் போதும், தரையை உயர்த்தத் தேவையில்லை. கமோடுக்கு முன்னால் 26 அங்குலம் இடம் இருக்கிறது, 21க்குக் குறையக் கூடாது என்பார்கள். ஷவர் இப்போது ஜன்னலுக்குக் கீழே வருவதால் மரச் சட்டம் போய் அலுமினியம் வர வேண்டும், அது ஒரு கூடுதல் வேலை.

பிப்ரவரி 12

பொறியாளர் வந்து பார்த்தார். நடுச்சுவர் 4½ அங்குலத் தடுப்புச் சுவர்தான், மேலே பாரம் எதுவும் உட்காரவில்லை. அவர் வாயால் கேட்ட பிறகுதான் கொத்தனாரிடம் பேசினேன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உடைக்கச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

பிப்ரவரி 16

அடுத்த தகராறு. குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தால் பேசினில் இடிக்கும், வெளிப்பக்கம் திறந்தால் படுக்கையறைக் கதவோடு முட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரர், பக்கவாட்டில் நகரும் தள்ளுகதவு போடலாம் என்றார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இடுக்கு வழியே சத்தமும் வாடையும் வரும், தலைமாட்டுக்குப் பக்கத்தில் அது வேண்டாம். எனக்கு வெளியே திறக்கும் கதவுதான் சரி, உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர்கள் உடம்பே அடைத்துக்கொள்ளும். கடைசியில் படுக்கையறைக் கதவின் கீலை மறுபக்கம் மாற்றி, அதை எதிர்த் திசையில் சாயவிட்டோம். சிக்கல் தீர்ந்தது.

பிப்ரவரி 24

பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பழைய செங்கல்லோடு புதுசு கோத்து நிற்கும்படி பல் விட்டுக் கட்டி, இணைப்பின்மேல் கோழி வலை அடித்துப் பூசச் சொன்னேன், இல்லையென்றால் பழைய கதவின் வடிவத்திலேயே விரிசல் விழும். குழாய்கள் எல்லாம் வெளிச்சுவரில் மட்டும். ஷவருக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் நடுவே 4½ அங்குலம்தான், அந்தச் சுவரில் குழாய் புதைத்தால் நடுராத்திரி யார் குழாயைத் திறந்தாலும் காதுக்குள் ஓடும். ஷவர் பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு 7 அடி உயரம் வரை.

மார்ச் 4

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், கசிகிறதா என்று பார்க்க, வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி நிறுத்தியிருக்கிறோம். சுவரில் பென்சிலால் மட்டம் குறித்தாயிற்று, 48 மணி நேரம் நிற்க வேண்டும். டைல்ஸ்காரர் அவசரப்படுகிறார், படட்டும்.

மார்ச் 6

மட்டம் கிட்டத்தட்ட அப்படியே, கீழ் வீட்டுக் கூரையிலும் கசிவில்லை. நாளை டைல்ஸ். பழைய குளியலறை ஸ்விட்ச் இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது, எலக்ட்ரீஷியன் அதை எடுத்துவிடலாம் என்றார். எடுக்க வேண்டாம், அதில் இரவு விளக்கைக் கொடுத்துவிட்டு, குளியலறைக்குப் புதிதாகக் கதவுக்கு வெளியே ஒன்று வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.