மியூசியத்துல உருண்ட தேங்காய்

பெரியப்பாவோட அறுபதாம் கல்யாணம் ஞாயித்துக்கிழமை திருக்கடையூர்ல நல்லபடியா முடிஞ்சுது. மூணு பாயசம் போட்டாங்க, ஒண்ணுலகூட இனிப்பு இல்ல, அதப்பத்தி இன்னொரு நாள் எழுதறேன். பதினொன்றரைக்கே பந்தி முடிஞ்சுடுச்சு. ஆனா வேனுக்கு நாலு மணி வரைக்கும் வாடகை குடுத்தாச்சு. குடுத்த காசுக்கு ஓட்டாம வண்டிய திருப்பி அனுப்பறதெல்லாம் எங்கப்பா அகராதியிலயே கிடையாது. அதனால பட்டுப்புடவை, மாலை வாசனை, தாம்பூலப் பையோட பதினாலு பேரும் தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம்.

உச்சி வெயில். டேனிஷ் கோட்டைக்கு முன்னாடி இறங்கின ரெண்டாவது நிமிஷமே அத்தைக்குத் தலை சுத்திடுச்சு, "நிழலா ஒரு இடம் காட்டுங்கடா"ன்னாங்க. அப்படித்தான் பக்கத்துல ஒரு பழைய வீட்டுல இருந்த அந்தச் சின்ன கடல் மியூசியத்துக்குள்ள போனோம். சரித்திர ஆர்வம்னு யாரும் தப்பா நினைச்சுடாதீங்க, ஃபேன் ஓடுச்சு, அவ்வளவுதான்.

உள்ள போனதும் மாமா ஆரம்பிச்சுட்டார். ரிட்டயர் ஆகி ஏழு வருஷமாச்சு, இன்னும் சுவத்தப் பாத்தா போர்டுன்னு நினைச்சுக்கற ஹிஸ்டரி வாத்தியார். 1619ல டென்மார்க்லேர்ந்து முன்னாடியே வந்த கப்பல காரைக்கால் பக்கம் போர்த்துக்கீசியன் அடிச்சு உடைச்சான், 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு கோட்டை கட்டினான்னு சொல்லிட்டே போறார். பசங்க தூங்கிட்டானுங்க. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டுல எழுதின லெட்டர் இன்னும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்குன்னதும்தான் பொம்பளைங்க பக்கம் உசிரு வந்துது. "எத்தனை கிராம் இருக்கும்?"னு அத்தை கேட்டாங்க. தலைசுத்தல் அதோட போயிடுச்சு.

வருஷத்துக்கு 3111 ரூபா வாடகைன்னு மாமா சொன்னப்போ அப்பா திரும்பினார். "அட்வான்ஸ் எவ்வளவு?"

மாமாவுக்கு அது தெரியல. "225 வருஷம் வெச்சிருந்துட்டு, 1845ல இங்கிலீஷ்காரன்கிட்ட வித்தான், வங்காளத்துல இருக்கற செராம்பூரையும் சேர்த்து பன்னெண்டரை லட்சம்"னார். அப்பா உதட்டைப் பிதுக்கினார். "வாடகைக்கு வந்தவன் வித்துட்டுப் போயிருக்கான். ஓனர் என்ன பண்ணிட்டிருந்தான்?" கூறைநாட்டுக் கடைய காலி பண்ண மாட்டேங்கிற நம்ம செல்ஃபோன் ரிப்பேர்க்காரன் ஞாபகம் வந்திருக்கும் போல, மூஞ்சி அப்படி ஆயிடுச்சு.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு குட்டி கட்டுமரம். ஆணியே இல்ல, கட்டைகளச் சேத்து வெச்சு கயித்தாலயே இறுக்கிக் கட்டினது, சுண்டுவிரல் பாதி தடிமன்ல கயிறு, ஒவ்வொரு சுத்தும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி. நான் ஒருத்தி குனிஞ்சு அத பாத்துட்டிருக்கேன், அப்பத்தான் பின்னாடி தொப்புனு ஒரு சத்தம்.

அம்மாவோட தாம்பூலப் பை கிழிஞ்சு தேங்காய் கீழ விழுந்துடுச்சு. மட்டை உரிச்சு மஞ்சள் தடவின தேங்காய். விழுந்தது நிக்கல, உருள ஆரம்பிச்சுது. கண்ணாடிப் பெட்டி காலைத் தொட்டுது, வலை மாட்டியிருந்த பக்கம் ஒதுங்குச்சு, அப்புறம் யாரோ வழி சொன்ன மாதிரி நேரா வாசலப் பாத்துப் போச்சு. பதினாலு பேரும் பின்னாடியே. அங்க இருந்த பெரியவர் "ஓடாதீங்கம்மா, ஓடாதீங்க"ன்னு கத்திட்டே அவரும் ஓடி வர்றார்.

அப்பா மட்டும் அசையல. இடுப்புல கை வெச்சுட்டு, "வாட்டம் பாத்தியா? வாட்டம் பாத்தியா?"ன்னார். கழுவி விட்டா ஒரு சொட்டு தேங்காதாம், தரைய வாசலப் பாத்து சரிச்சிருக்காங்களாம். தேங்காய எடுத்துட்டு வந்து இன்னொரு தடவ உருட்டிப் பாக்கலாமான்னு அந்தப் பெரியவர்கிட்டயே கேட்டார். அவர் கும்பிட்டுட்டார்.

அதுக்கப்புறம் கப்பலாவது வலையாவது. சுவத்தத் தட்டிப் பாக்கறார், ஜன்னல் கதவ திறந்து மூடறார், கடுக்காய் வெல்லம் போட்டு அரைச்ச சுண்ணாம்புங்கறார், பாடம் நடத்தினது இப்ப இவர். கெளம்பற நேரத்துல ஆளக் காணோம். பாத்தா, வாசத் தூணுல முதுகக் குடுத்து காலை நீட்டி உக்காந்திருக்கார், மடியில தேங்காய். கூறைநாட்டு வீட்டுத் திண்ணையில உக்காருவாரே, அதே மாதிரி. அத பாகம் பிரிச்சு வித்ததுலேர்ந்து அவர் அப்படி உக்காந்து நான் பாக்கல. ஃபிளாட்டுல தூணுக்கு எங்க போறது.

ராத்திரி பதினோரு மணிக்கு ஹால்ல டொக்குனு சத்தம். எட்டிப் பாத்தேன், லைட்டப் போட்டுட்டு தேங்காய உருட்டிட்டிருக்கார். அது பாத்ரூம் பக்கம் போகணும், நேரா என் ரூமுக்குள்ள வருது. மூணு தடவையும். "அதான் தண்ணி உன் ரூமுக்கு வருது, பில்டர் படுபாவி"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்கப்பா கட்டின வீட்டுல எங்க போட்டாலும் கிணத்தடிக்குப் போகும்"னார்.

காலையில அது தெரியாம அம்மா அந்தத் தேங்காய உடைச்சு சட்னி அரைச்சுட்டாங்க. அப்பா ரெண்டு இட்லியோட எந்திரிச்சுட்டார்.