ஆறாம் தடம்

மார்ச் 4
மருத்துவமனை அறிக்கை இன்றும் வரவில்லை. நகலெடுத்து வைக்க, பழைய கணினி விளையாட்டின் நெகிழ்வட்டை (ஃப்ளாப்பி) உறையிலிருந்து எடுத்தேன். பூஞ்சை இல்லை.

மார்ச் 5
ஆப்பிள் 2 கணினியின் வட்டு, 35 தடங்கள், அதாவது தரவு எழுதப்பட்ட வளையங்கள். பூஜ்யத் தடம் மட்டும் வாய் திறக்கிறது. திறந்துதான் ஆக வேண்டும்: கணினியைத் துவக்கும் ரோம் சில்லுக்குத் தெரிந்த தலைப்பு, அதாவது தரவுத் துண்டின் தொடக்கத்தைக் காட்டும் மூன்று பைட் அடையாளம், டி5 ஏஏ 96 ஒன்றுதான். அதன்பின் விளையாட்டின் சொந்த நிரல் பொறுப்பேற்றுக்கொள்கிறது. யாருடைய மரபையும் அது மதிக்கத் தேவையில்லை.

மார்ச் 6
மற்றத் தடங்களில் டி4 ஏஏ 96. ஒரே ஒரு பிட் மாற்றம். சாதாரண நகல் நிரல் தலைப்பைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மலிவான குறும்பு!

மார்ச் 8
தூக்கம் இல்லை. வட்டில் பைட் என்று எதுவுமே இல்லை என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு மைக்ரோ விநாடிக்கு ஒரு பிட். காந்தத் திசை மாறினால் 1, மாறாவிட்டால் 0. பைட் எங்கே தொடங்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு 1 வரும்வரை காத்திருந்து, அங்கிருந்து எட்டு எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகவே தரவுக்கு முன்னால் எட்டு 1, இரண்டு 0 என்று பத்துப் பத்துப் பிட்கள். நடுவில் எண்ணத் தொடங்கினாலும் அந்த 0-களைத் தாண்டித் தாண்டி, ஐந்து பத்துகளுக்குள் எல்லை நேராகிவிடும். 1978-இல் ஆப்பிளின் வாஸ்னியாக் வட்டு இயக்கியை வடிவமைத்தபோது சில்லுகளைக் குறைத்து இந்த வேலையை நிரலிடம் விட்டார். நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போடுகிறவர்களுக்கு அந்தச் சிக்கனமே வசதியாகிவிட்டது.

மார்ச் 9
மறுபடி சோதிக்க வேண்டுமாம். முதல் முடிவு தெளிவாக இல்லையாம்.

மார்ச் 11
ஆறாம் தடத்தில் ஓரிடம் ஒவ்வொரு சுற்றிலும் வேறு பிட்களைத் தருகிறது. வட்டைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன். அதே இடம்தான்.

பழுதில்லை, வேண்டுமென்றே செய்தது. நீண்ட தூரத்துக்குத் திசை மாற்றமே இல்லை. வட்டு இயக்கியில் சமிக்ஞையைப் பெருக்கும் எம்சி3470 சில்லு எதுவும் கேட்காததால் பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் வெறும் இரைச்சலை 1 என்று சொல்லத் தொடங்குகிறது. விளையாட்டு அந்த இடத்தை இரண்டு முறை படிக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் நகல் என்று நின்றுவிடுகிறது!

மார்ச் 12
ஹெட்டில் பழுப்புத் தூள். இனி அதிகம் சுழற்றக் கூடாது. தொலைபேசி அடித்தது, வேறு யாரோ.

மார்ச் 13
படித்த பிட்களை அப்படியே சேமித்தால் ஒரு கணத்து இரைச்சல் நிரந்தரமாகிவிடும், விளையாட்டு கண்டுபிடித்துவிடும். வட்டின் பிட்களை அப்படியே பதியும் வாஸ் (WOZ) நகல் கோப்பில் அங்கே 0-களை மட்டும் விட்டேன். இரைச்சலை, பழைய கணினிபோல நடிக்கும் எமுலேட்டர் நிரல் போட்டுக்கொள்ளட்டும். தலைப்புத் திரை வந்தது. சத்தமாகச் சிரித்தேன், பக்கத்து அறை என்று பார்க்காமல்.

மார்ச் 14
ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பதினேழாம் தடம் பாக்கி.