மிஸ்ஸின் பக்கம், சேரின் பக்கம்

2024 ஒக்டோபர் 20 அன்று ஒஸ்டினில் நடந்த ஃபோர்முலா 1 பந்தயம் நமக்குத் திங்கள் அதிகாலை 12.30க்குத்தான் தொடங்கியது. வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, நுளம்புத்திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு ஃபோனில் பார்த்தேன். 56 சுற்றில் 52ஆவது சுற்று. பன்னிரண்டாம் வளைவில் நொரிஸ் என்ற ஓட்டுநர் வெளிப்பக்கமாக, முன்னால் போன வெர்ஸ்டப்பனை முந்தப் போனார். உள்ளே நின்ற வெர்ஸ்டப்பன் பிந்திப் பிரேக் பிடித்துத் தானும் கோட்டுக்கு வெளியே போனார், நொரிஸையும் வெளியே கொண்டு போனார். நொரிஸ் அப்படியே சுற்றிக்கொண்டு முன்னால் வந்து ஏறினார். வெளியால் போய் முந்தியதற்காக நொரிஸுக்கு 5 செக்கன் தண்டனை, அதாவது முடித்த நேரத்தோடு 5 செக்கன் சேரும். மூன்றாவதாக முடித்தவர் நான்காம் இடத்துக்கு இறங்கினார்.

அடுத்த கிழமை மெக்சிகோ. அதே இரண்டு பேர், ஏறக்குறைய அதே வேலை. இந்த முறை தண்டனை வெர்ஸ்டப்பனுக்கு, 10 செக்கன். அதே சுற்றில் இன்னொரு வளைவில் செய்ததற்கு மேலும் 10.

விடிந்ததும் தம்பியின் மகன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். "மாமி, இதத்தானே போன கிழமையும் செஞ்சவன்? அப்ப ஏன் ஒண்டும் குடுக்கல்ல? பச்சக் களவு." அவன் இன்னொரு ஓட்டுநரான ஹமில்டனின் கட்சி. 2021இலிருந்து அவனுக்கு எல்லாமே களவுதான்.

எழுத்தில் உள்ளபடி பார்த்தால் இரண்டு தீர்ப்பையும் பிழை என்று தள்ள முடியாது. வளைவின் உச்சிக்கு வரும்போது வெளிப்பக்கக் கார் பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறதா என்றுதான் ஸ்டூவர்ட்கள், அதாவது பந்தயத்தின் நடுவர்கள், பார்ப்பார்கள். ஒஸ்டினில் நொரிஸ் அந்த இடத்தில் பின்னால் நின்றார், மெக்சிகோவில் முன்னால் நின்றார். உச்சிக்கு எப்படியாவது முதலில் போய்விட்டால் வளைவு தனது என்பது வெர்ஸ்டப்பனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு உறுத்தியது வேறொன்று. ஒஸ்டினில் அதே நாள், அதே பன்னிரண்டாம் வளைவில், பொட்டாஸை வெளியே தள்ளியதற்காக ரஸலுக்கு 5 செக்கன் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்களும் அதே ஸ்டூவர்ட்கள்தான்.

நான் வலைப்பந்தாட்ட நடுவர். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பிக்கிறேன், வலய மட்டப் போட்டிகளுக்கு விசில் ஊதப் போவேன். அதனால் இந்த விஷயத்தில் என் கண் கொஞ்சம் வேறு மாதிரி.

வலைப்பந்தில் இரண்டு நடுவர்கள். ஆளுக்குப் பாதி மைதானம், கடைசிவரை அதே பாதி. மூன்றடி தூரத்துக்குள் நின்று கையைத் தூக்கி மறைத்தால் பிழை, அது அளக்கக்கூடியது. தொடுகைதான் சிக்கல். ஷூட்டர் வளையத்துக்குப் பந்தை விடுகிற நேரத்தில், அவளை மறிக்கிற கீப்பரின் விரல் அவளுடைய மணிக்கட்டில் பட்டதா, பட்டதால் பந்து திரும்பியதா என்பதை அரை செக்கனில் முடிவெடுக்க வேண்டும். நான் கடுமை, சின்னதாகப் பட்டாலும் ஊதிவிடுவேன். என்னோடு அடிக்கடி வருகிற சேர் ஒருவர் விளையாட்டை ஓடவிடுகிற மனிதர், விசிலை வாயில் வைத்துக்கொண்டே யோசிப்பார். இருவரும் படித்தது ஒரே விதிப் புத்தகம்.

போன வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு போட்டி. சுண்ணாம்புக் கோடு மூன்றாம் கால்பகுதிக்குள்ளேயே அழிந்து, எது வட்டம் எது மண் என்று தெரியாமல் போனது. இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற ஒரு கீப்பர் பிள்ளை மற்றவளுக்குச் சொன்னது காதில் விழுந்தது: "மிஸ்ட பக்கம் கை வைக்காதடி. சேர்ட பக்கம் பாத்துக்கலாம்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள், இரண்டு கால்பகுதிக்குள் எங்கள் இருவரையும் படித்து முடித்துவிட்டார்கள்.

அதே போட்டி முடிந்ததும் தோற்ற அணியின் பயிற்றுவிப்பாளர் என்னிடம் வந்தார். "நீங்க அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிதானே, பிறகென்ன" என்றார். படித்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு கால்பகுதிக்கும் அணிகள் பக்கம் மாறுகின்றன. என் கடுமை இரண்டு கீப்பர்மாருக்கும் விழுந்தது, சேரின் தாராளமும் இரண்டு பேருக்கும் கிடைத்தது. விசில் சாய்ந்திருக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் சாய்ந்தது. இதை அவரிடம் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

கார்ப் பந்தயத்தில் இந்தப் பக்கம் மாறுகிற வேலை கிடையாது. ஒரு பந்தயத்தில் ஒரு குழு, அடுத்ததில் வேறு முகங்கள். நொரிஸுக்கு ஒஸ்டினில் விழுந்த அடியை யாரும் இன்னொரு நாள் வெர்ஸ்டப்பனுக்கு அதே கையால் அடித்துச் சமன் செய்யப் போவதில்லை. அந்த இடைவெளிக்குள்தான் ஓரவஞ்சனை என்ற கதை வந்து குந்திக்கொள்கிறது.

கதையும் காலத்துக்குக் காலம் ஆளை மாற்றும். 2008இல் பெல்ஜியத்தில் முதலாவதாக முடித்த ஹமில்டனுக்குப் பந்தயம் முடிந்த பிறகு 25 செக்கன் சேர்த்து, வெற்றியை ஃபெராரி அணியின் மஸாவுக்குக் கொடுத்தார்கள். பந்தயத்தை நிர்வகிக்கிற எஃப்.ஐ.ஏ ஃபெராரியின் கையாள் என்றார்கள். 2019இல் கனடாவில் அதே ஃபெராரியின் வெட்டல் புல்லுக்குள் போய்த் திரும்பி ஏறும்போது ஹமில்டனைச் சுவர்ப்பக்கம் நெருக்கினார் என்று 5 செக்கன் வாங்கி, முதலில் கோட்டைத் தாண்டியும் இரண்டாவதானார். கோபத்தில், கார்களுக்கு முன்னால் வைத்திருந்த 1ஆம், 2ஆம் இலக்கப் பலகைகளை அவரே இடம் மாற்றி வைத்தார். மூன்று கிழமை கழித்து ஒஸ்திரியாவில் வெர்ஸ்டப்பன் ஃபெராரியின் லெக்லேரை இடித்து வெளியே தள்ளி வென்றார். மணிக்கணக்கில் விசாரித்துவிட்டுத் தண்டனை இல்லை என்றார்கள். இரண்டிலும் அடி ஃபெராரிக்குத்தான். கையாளை யாராவது இப்படி நடத்துவார்களா?

2021 டிசம்பர் 12, அபுதாபியை மட்டும் நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். ஹமில்டனும் வெர்ஸ்டப்பனும் 369.5 புள்ளியில் சமமாக நின்ற கடைசிப் பந்தயம். 53ஆவது சுற்றில் லத்தீஃபி சுவரில் அடிக்க, எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கிற சேஃப்டி கார் வந்தது. முன்னால் பழைய டயரில் ஹமில்டன், பின்னால் புது டயரில் வெர்ஸ்டப்பன், நடுவில் ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து கார்கள். முதலில் பின்தங்கிய கார்கள் எதுவும் முந்த முடியாது என்று அறிவித்த பந்தய இயக்குநர் மசி, பிறகு அந்த ஐந்தை மட்டும் முந்திப் போகவிட்டார். விதிப்படி அதற்கு அடுத்த சுற்றின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே போக வேண்டும். ஒரு சுற்று முந்தியே அனுப்பினார். 58ஆவது சுற்றில் வெர்ஸ்டப்பன் முந்தினார், உலகச் சம்பியன்.

எல்லாரும் ஹமில்டனுக்காக அழுதார்கள். மருமகன் சாப்பிடவே இல்லை. நான் பார்த்தது மூன்றாவதாக நின்ற சைன்ஸை. அவருக்கும் வெர்ஸ்டப்பனுக்கும் நடுவில் நின்ற பின்தங்கிய கார்களை யாரும் விலக்கிவிடவில்லை. அவருக்குப் பந்தயம் முடிந்துவிட்டது என்று மேலேயிருந்து ஒருவர் தீர்மானித்துவிட்டார். ஒரு நடுவர் செய்யக்கூடாதது இதுதான்: யாருடைய போட்டி முக்கியம் என்று தெரிவு செய்வது. அது வெர்ஸ்டப்பனுக்காகச் செய்தது என்று நான் நினைக்கவில்லை. டீவிக்காகச் செய்தது.

இரண்டு அணித் தலைவர்களும் அந்த நேரம் ரேடியோவில் மசியின் காதுக்குள்ளேயே கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுடைய போட்டியில் பயிற்றுவிப்பாளர் கோட்டுக்கு வந்து இப்படி வாதாடினால் முதலில் எச்சரிப்போம், பிறகு வெளியே அனுப்புவோம். 2022இல்தான் அந்த நேரடி ரேடியோவை எஃப்.ஐ.ஏ நிறுத்தியது. மசியையும் மாற்றினார்கள். நல்லெண்ணத்தோடு செய்த மனிதத் தவறு என்று அறிக்கை வந்தது.

அளக்கக்கூடிய விதியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2023 ஒஸ்திரியாவில் வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாக 1,200க்கு மேற்பட்ட சம்பவங்கள். பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்து எட்டுப் பேருக்குத் தண்டனை சேர்த்து முடிவை மாற்றினார்கள். பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு முடிவு மாறினால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

2025 ஜூனில் தண்டனை வழிகாட்டிகளை எஃப்.ஐ.ஏ வெளியே விட்டது. நல்லது, இப்போது எந்தக் குற்றத்துக்கு எத்தனை செக்கன் என்று நாங்களும் பார்க்கலாம். ஆனால் வழிகாட்டி வழிகாட்டிதான். மணிக்கட்டில் விரல் பட்டதா என்பதை யாரோ ஒருவர்தான் பார்க்க வேண்டும். அந்த ஆள் வருடம் முழுக்க ஒரே ஆளாக இருந்தால் போதும் என்பேன். எல்லாப் பந்தயத்துக்கும் ஒரே நான்கு பேர். கடுமையானவர்களோ தாராளமானவர்களோ, எல்லா ஓட்டுநரும் அவர்களைப் படித்துக்கொள்ளட்டும்.

இப்போதைய ஸ்டூவர்ட்கள் சம்பளத்துக்கு இருக்கிற முழுநேரக்காரர்கள் இல்லை. அவ்வளவு பேரை முழுநேரமாக வைத்தால் காசு யார் தருவது என்று கேட்கிறார்கள். எனக்கும் சேருக்கும் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று ஊதினால் போக்குவரத்துப் படியும் ஒரு சோற்றுப் பார்சலும் கிடைக்கும், அதை நான் கேள்வி கேட்டதில்லை, வலயத்திடம் இருப்பதே அவ்வளவுதான். ஆனால் 2023இல் ஒரு அணியின் செலவுக்குப் போட்ட அடிப்படை வரம்பே 13.5 கோடி டொலர். அப்படி ஒரு விளையாட்டில் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை என்றால், அதை வேறு யாருக்காவது சொல்லட்டும்.