தேக்காவில் பெய்யும் மழை எங்கே போகிறது?

சிங்கப்பூரின் தேக்காச் சந்தையின் கூரையில் விழும் மழைநீர் வடிகாலில் இறங்கி, ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்தை அடைந்து, சுத்திகரிக்கப்பட்ட பிறகு இத்தீவின் வீட்டுக் குழாய்களுக்கே திரும்பி வருகிறது. சிராங்கூன் சாலையில் நாள்தோறும் நடமாடும் நம்மில் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். அங்குள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கூரைகளிலும் கார் நிறுத்துமிடங்களிலும் பெய்யும் மழைகூட 17 நீர்த்தேக்கங்களுள் ஏதோ ஒன்றைச் சேர்கிறது.

மழைநீருக்கும் கழிவுநீருக்கும் இங்கே தனித்தனிப் பாதைகள் இருப்பதால்தான் இது நடக்கிறது. சிவகங்கைச் சீமையின் ஊர்களில் ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஆடு மாடுகளை இறக்கவும் துணி துவைக்கவும் விடமாட்டார்கள் என்று என் தாத்தா சொல்வார். நம் புளோக்கைச் சுற்றி ஓடும் வடிகாலும் அத்தகைய வரத்துக்கால்தான். அதில் ஊற்றப்படும் சமையல் எண்ணெயும் வீசப்படும் சிகரெட் துண்டும் குடிநீரை நோக்கியே பயணம் செய்கின்றன.

நீரைச் சேர்ப்பதைவிடக் கடினமானது அதன் வேகத்தைத் தணிப்பது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் இத்தீவில், சில வேளைகளில் ஒரு மணி நேரத்திற்குள் வானமே இடிந்து விழுந்தாற்போலக் கொட்டிவிடுகிறது. சிமெண்டால் மூடப்பட்ட நிலமோ அதை உறிஞ்சுவதில்லை. கால்வாய்களை அகலப்படுத்தி நீரை விரைவாகக் கடலுக்கு அனுப்புவதே நெடுங்காலம் தீர்வாக இருந்தது. 2010 ஜூன் மாதத்தில் ஆர்ச்சர்ட் ரோடு வெள்ளத்தில் மூழ்கியபோது, அதன் போதாமை அனைவருக்கும் தெரிந்தது. கட்டடங்கள் நெருங்கி நிற்கும் அச்சாலையில் கால்வாயை இன்னும் அகலமாக்க இடம் ஏது? அதனால் பூமலை எனப்படும் தாவரவியல் தோட்டத்திற்கு அடியில் 38,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள தேக்கத் தொட்டி ஒன்று 2018இல் கட்டி முடிக்கப்பட்டது. அடைமழையின் உச்சத்தில் வரும் நீரை அது தாங்கிக்கொண்டு, மழை ஓய்ந்த பிறகு வெளியேற்றுகிறது. 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பில் கட்டப்படும் புதிய கட்டடங்கள் தம் மனையிலிருந்து வெளியேறும் நீரின் உச்ச அளவைக் குறைக்க வேண்டும் என்ற விதியும் 2014 முதல் நடப்பில் உள்ளது. இந்த விதி பெரிதாகப் பேசப்படுவதில்லை என்றாலும், தொட்டியைவிட இதுவே தொலைநோக்குடையது என்பது என் கருத்து. நீர் ஓடத் தொடங்கும் இடத்திலேயே அதன் வேகத்தை இது தடுக்கிறது.

பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் இக்கொள்கையைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2.7 கிலோமீட்டர் நீளத்திற்கு நேர்க்கோடாகக் கிடந்த காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாய் 2012இல் புல்லும் பாறையும் சூழ்ந்த, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றப்பட்டது. சாதாரண நாள்களில் கரையோரம் குழந்தைகள் விளையாடுவார்கள். பெருமழையில் புல்வெளியே ஆற்றின் பகுதியாகி, நீர் பரந்து, மெதுவாக நகரும்.

வீவக பேட்டைகளில் அமைக்கப்படும் மழைத்தோட்டங்களுக்கு இந்த அளவு மதிப்பு கிடைப்பதில்லை. சற்றுத் தாழ்வான பாத்தியில் மண்ணும் மணலும் அடுக்கி, செடிகள் நட்டு, சுற்றியுள்ள நடைபாதையின் நீரை அதில் இறக்குகிறார்கள். வண்டலும் அழுக்கும் மேலேயே தங்கிவிட, வேர்களும் நுண்ணுயிர்களும் சத்துப்பொருள்களை ஈர்த்துக்கொள்ள, வடிகட்டிய நீர் அடியிலுள்ள குழாய் வழியே மெதுவாக வடிகாலுக்குச் செல்கிறது. மழை விட்டதும் அங்கே நீர் நிற்பதைக் கண்டு, டெங்கி பரவுமே என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், முறையாகப் பராமரிக்கப்படும் பாத்தியில் நீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். வண்டல் அடைத்துக்கொண்டு பாத்தி வடியாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். ஆகவே, பேட்டை மேம்பாட்டிற்கு நகர மன்றம் கருத்துக் கேட்கும்போது கூடுதல் மழைத்தோட்டங்களை மட்டுமன்றி, அவற்றின் மேல்மண்ணைக் காலாகாலத்தில் கிளறிச் சுத்தம் செய்யும் பணியையும் சேர்த்தே கேட்கவிருக்கிறேன்.