சோப்புக் குமிழி

சைலன்சர் குழாயின் வாயை ஈரத்துணியால் அடைத்துவிட்டு, "வண்டியைக் கிளப்பு கண்ணு" என்றார் பல்லடம் சாலையோரப் பட்டறைக்காரர்.

இன்ஜின் சூடேறும் முன்பே, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் குழாய் நெடுகச் சோப்பு நீரைத் தடவினார்.

சத்தத்தை அடக்கும் மஃப்ளர் டப்பாவுக்கு முன்னால், வெல்டிங் ஓரத்தில் ஒரு குமிழி ஊதிப் பெருத்து, வானவில் காட்டி, உடைந்தது. கடுகளவு ஓட்டை. சுற்றிலும் கரி படிந்த வளையம்.

இரண்டு வாரமாக அந்தப் படபடச் சத்தத்தை ரேடியோ வைத்து மறைத்துக்கொண்டிருந்தேன். என் வழக்கமான வைத்தியம்!

வண்டிப் புகையில் வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஈரோடு போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின் இருக்கையில் தூங்கிய அம்மா, "தலை வலிக்கிறது" என்றார். வெயில்தான் என்றேன்.

பட்டறைக்காரர் பேட்டரி வயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, ஓட்டையைப் பற்றவைத்தார். மறுபடியும் சோப்பு நீர். குமிழி வரவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.